நீங்கினது ஒண்ணு

— செருப்பக்கூட கழட்ட விடாம கேக்கறாளேன்னு நினைக்காதீங்க. பஸ் ஆபீஸ்ல இருந்து உங்களுக்குப் போன் வந்துச்சா, இல்லையா?

— வந்துச்சு. அதான் வேலைய அப்படியே போட்டுட்டு வந்தேன்.

— என்ன சொன்னாங்க?

— நீ ஸ்கூலுக்குப் போய் டிரைவர் மேல புகார் குடுத்திருக்கேன்னு சொன்னாங்க.

— குடுத்தேன். ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் செய்யலை. லாண்டரிக்குப் போற வழியில நேரா பிரின்சிபால் ரூமுக்கே போய்ச் சொல்லிட்டுத்தான் கடையைத் திறந்தேன்.

— என்னன்னு சொன்னே?

— என்னன்னு சொல்லுவாங்க? செத்துப்போன பிள்ளைய ஏத்திட்டுப் போக தினமும் என் வாசல்ல பஸ்ஸக் கொண்டாந்து நிறுத்தறான், என்னைய உயிரோட கொல்றான்னு சொன்னேன்.

— ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்.

— உங்ககிட்டச் சொல்லாமயா? சொல்லிச் சொல்லி என் தொண்டை வத்திப்போச்சு. நீங்க ஒவ்வொரு தடவையும், "பார்க்கலாம்மா, சரி பண்ணிடலாம்மா." பார்த்தீங்க. நல்லா பார்த்தீங்க. இன்னைக்குக் காலையிலயும் வந்து நின்னுச்சு.

— தெரியும்.

— தெரியாது உங்களுக்கு. நீங்க அந்நேரம் சமையல்கட்டுல டீ ஆத்திட்டு இருப்பீங்க. நான்தான் வெளிய நிக்கறேன். கேட்டுப் பக்கத்துல செடிக்குத் தண்ணி ஊத்தப் போவேன், சரியா அந்த நேரம் பார்த்து முக்குத் திரும்பி வரும். வந்து நிக்கும். புஸ்ஸுன்னு கதவு திறக்கும். உள்ள இருக்கற பிள்ளைங்க அத்தனையும் என் மூஞ்சியவே பார்க்கும். நம்ம பொண்ணு நண்டுகூட ஒட்டிக்கிட்டே திரியுமே, ரெட்டைச் சடைக்காரி, அது மட்டும் கையாட்டும். அப்புறம் கதவ மூடிட்டுப் போயிடுவான். தினம் ஒரு தடவை அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுட்டு வர்ற மாதிரி இருக்கு.

— உக்காரும்மா. கொஞ்சம் உக்காரு.

— நான் உக்காரலை. நீங்க சொல்லுங்க. டிரைவர என்ன பண்ணாங்களாம்?

— நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டாங்க.

— சரி.

— ரெண்டு பிள்ளைங்க அவனுக்கு.

— எனக்கு ஒண்ணு இருந்துச்சு. என்ன அப்படிப் பார்க்கறீங்க? கல்நெஞ்சக்காரின்னா? ஆமா, கல்லாத்தான் போயிட்டேன். யாரு ஆக்கினது?

— அதாவது, அவனைக் கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க. ஏம்பா அங்க நிறுத்தறேன்னு. பழக்கதோஷம் சார், அந்த வாசல் வந்தா கால் தானா பிரேக்குக்குப் போயிருதுன்னு சொல்லியிருக்கான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலையாம்.

— இருங்க, இருங்க. பழக்கதோஷமா? நீங்க என்கிட்ட வேற சொன்னீங்களே. லிஸ்ட்ல பேரு இருக்கு, அவன் போன்ல நம்ம வாசல் காட்டுது, அதனால நிறுத்தறான், அவன் மேல தப்பில்லைன்னு சொன்னீங்களே?

— சொன்னேன்.

— அப்ப ரெண்டு பேருல யாரு பொய் சொல்றது?

— ஒரு நிமிஷம் இரு. தண்ணி குடிச்சுட்டுச் சொல்றேன்.

— குடிங்க. நான் எங்கயும் ஓடிடப் போறதில்லை. நீங்க குடிக்கறதுக்குள்ள இத்தனை நாளா நீங்க சொன்னதையெல்லாம் நானே ஒண்ணொண்ணா சொல்றேன். மொதல்ல என்ன சொன்னீங்க? பஸ் லிஸ்ட்ல நண்டு பேருக்குப் பின்னால ஒரு இடம் காலியா கிடக்கு, யாரோ டைப் அடிக்கும்போது தெரியாம தட்டிட்டாங்க, அதனால ஸ்கூல் லிஸ்ட்டுல இருக்கற பேரும் பஸ் லிஸ்ட்டுல இருக்கற பேரும் வேற வேறன்னு உங்க புரோகிராம் நினைச்சுக்குதுன்னீங்க. ஒரு காலி இடத்துக்கு இவ்வளவு சக்தியான்னு நானும் வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டேன். அப்புறம், டிரைவர் போன்ல பழைய லிஸ்ட் தேங்கி நிக்குதுன்னீங்க. அப்புறம், சர்வர மாத்தறாங்க, கொஞ்சம் பொறுத்துக்கோன்னீங்க. பொறுத்தேன்.

— பொறுத்தே.

— தெரியாமத்தான் கேக்கறேன். உங்க வேலையே அதுதானே? நண்டுகூட வகுப்புல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாளே, "எங்கப்பா ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கற ஆபீஸ்ல இருக்காரு"ன்னு. அவ டீச்சர் என்னைப் பார்த்தப்ப, சார் எந்தப் பத்திரிகையில இருக்காருன்னு கேட்டாங்க.

— ஆமா. நான்தான் அவகிட்ட அப்படிச் சொன்னேன். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எது மாறியிருக்குன்னு பார்க்கற வேலைடா நண்டுன்னு. அவ, அப்ப விடைய அடுத்த பக்கத்துல தலைகீழாப் போடுவீங்களாப்பான்னு கேட்டா.

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தலைம்மா. நீதான் அவ பேச்சை எடுத்தே.

— எனக்கு விளக்கும்போது லாண்டரி டோக்கன வச்சு விளக்கினீங்க. ஞாபகம் இருக்கா? நீ சட்டையோட நிறத்தையா பார்க்கறே, டோக்கன் நம்பரைத்தானே பார்க்கறேன்னீங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர். தினமும் விடியக்காலையில ஸ்கூல் லிஸ்ட்டையும் பஸ் லிஸ்ட்டையும் உங்க புரோகிராம் பக்கத்துல வச்சுப் பார்க்கும். ரெண்டு பக்கமும் அதே நம்பர் இருந்து போன் நம்பரோ வீடோ வேறயா இருந்தா, மாறின பிள்ளை. ஸ்கூல் பக்கம் மட்டும் இருந்தா, புதுசா சேர்ந்த பிள்ளை. பஸ் பக்கம் மட்டும் இருந்தா, போன பிள்ளை. இப்படித்தானே சொன்னீங்க?

— இப்படித்தான்.

— அப்ப பேருக்குப் பின்னால காலி இடம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நம்பரைத்தானே பார்க்குது?

— நம்பரைத்தான் பார்க்குது.

— அப்ப அது கதை.

— கதைதான்.

— தேங்கி நிக்குதுன்னது?

— அதுவும்தான்.

— சர்வரு?

— சர்வர் நெசமாவே மாத்தினாங்க. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

— எவ்வளவு சுளுவா ஒத்துக்கறீங்க. இத்தனை நாளா என் காதுல பூ சுத்திட்டு, இப்ப ஒண்ணும் நடக்காத மாதிரி நிக்கறீங்க.

— ஒண்ணும் நடக்காத மாதிரியா நிக்கறேன்?

— சரி, விடுங்க. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. பையில கம்ப்யூட்டர் இருக்குல்ல? எடுங்க. இந்த மேசையில வச்சுத் திறங்க. என் கண்ணு முன்னால அவ பேரை அந்த பஸ் லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. நீங்க எடுத்த மறுநிமிஷம் நான் ஸ்கூலுக்குப் போன் பண்ணி, டிரைவர் மேல தப்பில்லை, எங்க வீட்டுக்காரர் புரோகிராம்லதான் தப்புன்னு சொல்லிடறேன். அந்த ஆளு பொழப்பு தப்பிக்கும். எனக்கும் நிம்மதி.

— எடுக்க முடியாதும்மா.

— ஏன்?

— முடியாது.

— ஏன்னு கேக்கறேன்ல. மனசு வரலையா? அதானா?

— இல்லைம்மா, அதாவது...

— இவ்வளவுதானா விஷயம். என்கிட்டச் சொல்லியிருக்கலாமே. அவ பேரு அங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கட்டும்னு நீங்கதான் வேணும்னே விட்டு வச்சிருக்கீங்க. ரேஷன்ல எடுத்தாச்சு, ஸ்கூல்ல எடுத்தாச்சு, ஆஸ்பத்திரிக்காரங்க அவங்க பங்குக்குக் கோடு போட்டு அடிச்சாச்சு. இது ஒண்ணு உங்க கையில இருக்கு. எப்படி எடுப்பீங்க? நானா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அழாதீங்க. ஏங்க, அழாதீங்க. நான் திட்டலை. நான் பக்கத்துல நிக்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே எடுத்துடலாம்.

— நீ நினைக்கற மாதிரி இல்லைம்மா.

— அழுதுட்டு எடுங்க. அவசரமில்லை.

— எடுக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லை. இந்தா, நீயே பாரு. இதுதான் இன்னைக்கு ஓடின பஸ் லிஸ்ட். நம்ம பக்கத்து வண்டி. படி.

— பேக்கரி முக்கு. தண்ணித் தொட்டி. பச்சைக் கட்டடம். மரக்கடை. பாலத்தடி... நம்ம வாசல் எங்க?

— இல்லை.

— மேல தள்ளிப் போயிருக்கும். தள்ளுங்க.

— மேலயும் இல்லை. இந்தா, அவ நம்பரையே போட்டுத் தேடறேன். பாரு. ஒண்ணும் வரலை.

— எப்ப எடுத்தீங்க? இப்பவா? என் கண்ணை மறைச்சு ஏதாச்சும் தட்டினீங்களா?

— நான் எடுக்கலை. அது எப்பவோ போயிடுச்சு. நாம ஆஸ்பத்திரியில இருந்து வெறுங்கையோட வந்தோமே, வீடு நெறைய ஆளுங்க இருந்தாங்களே, அந்த வாரம். ஸ்கூல்ல பேரை எடுத்தாங்க. அடுத்த விடியக்காலையில என் புரோகிராம் ரெண்டு லிஸ்ட்டையும் வச்சுப் பார்த்திருக்கு. அவ நம்பர் பஸ் பக்கம் மட்டும் இருக்கு. எடுத்துடுச்சு. யாரையும் கேக்கலை. கேக்கக் கூடாதுன்னு எழுதினதே நான்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் எடுக்கலாமா, எடுக்கலாமான்னு கேட்டுட்டு நின்னா ஆபீஸ்காரங்களுக்கு எரிச்சலா இருக்கும்னு நினைச்சு எழுதினேன்.

— அப்ப உங்க புரோகிராம்ல தப்பே இல்லையா?

— இல்லைம்மா. என் ஜென்மத்துல நான் எழுதினதுலயே ஒழுங்கா ஓடினது அது ஒண்ணுதான்.

— எனக்குப் புரியலை.

— தினமும் காலையில அது எனக்கு ஒரு மெயில் போடும். அன்னைக்கும் போட்டிருந்துச்சு. நான் பத்து நாளு கழிச்சு ஆபீஸ் போய்த்தான் பார்த்தேன். பேரெல்லாம் வராது, எத்தனைன்னு மட்டும்தான் வரும். "சேர்ந்தது ஒண்ணு. மாறினது ரெண்டு. நீங்கினது ஒண்ணு." தேதியப் பார்த்தேன். தெரிஞ்சுபோச்சு.

— நீங்கினதுன்னா?

— நான் போட்ட வார்த்தைதான். எல்லாரும் நீக்கினதுன்னு போடுன்னாங்க. சின்னப் பிள்ளைங்களாச்சே, யாரோ கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளின மாதிரி இருக்கேன்னு எனக்குத் தோணுச்சு. நீங்கினதுன்னே போடலாம், தானா இறங்கிப் போன மாதிரி இருக்கும்னு நான்தான் சண்டை போட்டுப் போட்டேன். ஒரு எழுத்துக்காக ஒரு மத்தியானம் பூரா பேசினேன்மா. வேற யாரோ வீட்டுப் பிள்ளைங்களுக்குன்னு நினைச்சுப் பேசினேன்.

— சேர்ந்தது ஒண்ணுன்னீங்களே. அது யாரு?

— பாலத்தடியில ஒரு பொண்ணு. புதுசா குடி வந்தவங்க.

— நண்டு உக்கார்ற ஜன்னல்ல வேற ஒரு பிள்ளை இருக்கு. நானே பார்த்திருக்கேன். அதுதானா அது?

— அதுவாத்தான் இருக்கும்.

— பாவம். நான் அதை முறைச்சுப் பார்த்திருக்கேன். இருங்க. லிஸ்ட்ல பேரு இல்லை. டிரைவர் போன்ல நம்ம வாசல் காட்டலை. சரி. அப்ப பஸ் எதுக்கு வந்து நிக்குது? நான் கனாக் காணறேனா? நின்னுச்சுன்னு அவனே ஒத்துக்கிட்டானே.

— நிக்குது. நானும் சமையல்கட்டு ஜன்னல் வழியா தினமும் பார்க்கறேன்.

— அப்ப அவன் என்ன திமிருல நிறுத்தறான்?

— நானும் அப்படி நினைச்சுத்தான் ஒரு நாளு அவனைத் தேடிப் போனேன். வண்டியெல்லாம் நிறுத்தற கொட்டகைக்கு. சட்டையப் பிடிச்சு நாலு அறை விடணும்னுதான் போனேன்.

— இதை என்கிட்டச் சொல்லவே இல்லையே.

— சொல்லலை. அவன் டயர்கிட்ட குந்தி உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தான். என்னைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடிச்சு வச்சுட்டு எந்திரிச்சான். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "நான் என்ன சார் பண்ணட்டும்"னான்.

— என்ன பண்ணட்டும்னா? நேரா போக வேண்டியதுதானே? அவன் காலை யாரு கட்டிப் போட்டிருக்கா?

— அவன் சொன்னத அப்படியே சொல்றேன். கோவப்படாம கேளு.

— சொல்லுங்க.

— "அம்மா வாசல்ல நின்ன மொதல் நாளு நேராத்தான் சார் போனேன். கண்ணாடியில பார்த்தேன், அம்மா பின்னாலயே ரெண்டடி ஓடி வந்தாங்க. அதுக்கப்புறம் எனக்குத் தாண்டிப் போக வரலை சார். கையில தண்ணி பாட்டிலோட ஒரு தாய் வாசல்ல நிக்கும்போது, நிறுத்தாம எப்படி சார் போறது?"

— பொய்.

— பஸ் வர்றதால நீ வெளிய போகலைம்மா. நீ வெளிய நிக்கறதாலதான் பஸ் நிக்குது.

— பொய் சொல்றான் அவன். வேலையக் காப்பாத்திக்க என் தலையில கட்டறான்.

— அப்படின்னா இன்னைக்கு ஆபீஸ்ல அதைச் சொல்லியிருப்பானே. உன்னைப் பத்தி ஒரு வார்த்தை வாயைத் திறக்கலை. பழக்கதோஷம்னு தன் மேலயே போட்டுக்கிட்டான். அதுக்குத்தான் நான் இவ்வளவு தூரம் ஓடி வந்தேன். இல்லாட்டி நான் இன்னைக்கும் உன்கிட்டச் சொல்லியிருக்க மாட்டேன்.

— நான் ஏன் ஓடணும்? நான் செடிக்குத் தண்ணி ஊத்தப் போறவ. பஸ் வருது, திரும்பிப் பார்க்கறேன். அவ்வளவுதான்.

— எந்தச் செடிக்கும்மா?

— கேட்டுப் பக்கத்துத் தொட்டியில இருக்கற செடிக்கு.

— தொட்டியில மண்ணுதான் இருக்கு. செடி காஞ்சு, நான்தான் பிடுங்கிப் போட்டேன். மழைக்கு முன்னாடியே. எந்திரிச்சுப் போகாதே. இரு. அப்புறம் பார்த்துக்கலாம்.

— பார்க்கத்தான் போறேன். ஜன்னல்ல இருந்தே தெரியும். ... ஆமா. மண்ணுதான் இருக்கு.

— வா. உக்காரு.

— இவ்வளவு தெரிஞ்சுக்கிட்டு ஏங்க என்கிட்டச் சொல்லலை? காலி இடம், சர்வருன்னு ஏன் கண்ட கதையெல்லாம் சொன்னீங்க? நான் உங்களை எவ்வளவு திட்டினேன். நாலு எழுத்து ஒழுங்கா எழுதத் தெரியாத ஆளுக்கு யாரு சம்பளம் குடுக்கறான்னெல்லாம் கேட்டேனே.

— கேட்டே. அது பரவாயில்லை.

— பரவாயில்லையா?

— நீ மூணு மாசம் செவுத்தப் பார்த்துப் படுத்துக் கிடந்தே. ஞாபகம் இருக்கா உனக்கு? தலை வாரலை. ஒரு வாய் சோத்துக்கு நான் கெஞ்சணும். டாக்டர் குடுத்த மாத்திரைய முந்தானையில முடிஞ்சு வச்சே. ஒரு நாளு காலையில நீயா எந்திரிச்சு வெளிய போனே. திரும்பி வரும்போது மூஞ்சியெல்லாம் சிவந்து, "இன்னைக்குப் பஸ் வந்துச்சுங்க, இவனுங்களுக்கு அறிவிருக்கா"ன்னு கத்தினே. கத்திக்கிட்டே குளிச்சே. கத்திக்கிட்டே சாப்பிட்டே. எனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? உனக்குத் திட்டறதுக்கு யாராச்சும் வேணும்னு தெரிஞ்சுச்சு. டிரைவரத் திட்டினா அவனுக்குக் கஷ்டம். புரோகிராமத் திட்டினா அது என்ன பண்ணப் போகுது? என்னைத் திட்டினாலும் நான் எங்க போகப் போறேன்?

— இப்படியா ஒரு மனுசன் இருப்பாரு.

— போன் பண்ணும்மா. ஆபீஸ் மூடிடுவாங்க.

— குடுங்க போன. என் போன் சார்ஜ்ல கிடக்கு.

— என்ன சொல்லப் போறே?

— அவர் மேல ஒரு தப்பும் இல்லை, நான் நிக்கறதப் பார்த்துத்தான் நிறுத்தினார், இனிமே நான் நிக்க மாட்டேன்னு சொல்லப் போறேன். வேற என்ன சொல்ல? ... ரிங் போகுது. யாரும் எடுக்கலை.

— எடுப்பாங்க. இன்னொரு தடவை போடு.

— போடறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நீங்க சொல்றது பூராவும் சரின்னு நான் ஒத்துக்கலை. வாசல்ல நின்னேன், சரி. ஓடினேன்னு சொல்றான், ஓடியிருப்பேன். செடி செத்ததுகூட கவனிக்கலை, அதுவும் சரி. ஆனா செடின்னு நினைச்சு அந்த மண்ணுக்காவது நான் தண்ணி ஊத்தியிருக்கேன். அது நிச்சயம். நான் ஒண்ணும் புத்தி கெட்டுப்போய், உயிரோட இருக்கறவளுக்குக் குடுத்து விடற மாதிரி பாட்டிலைக் கையில வச்சுட்டு நிக்கலை.

— சரிம்மா.

— சும்மா சரிங்காதீங்க. கணக்கா சொல்றேன். நண்டோட மஞ்ச பாட்டில்தான் எடுத்துட்டுப் போவேன், வேற எதுவும் கைக்கு வாகா இல்லை. காலையில கழுத்து வரைக்கும் நிரப்பறேன். மறுநாள் காலையில எடுத்துப் பார்த்தா காலியா இருக்கு. தினமும் காலியா இருக்கு. ஊத்தாமயா காலியாகும்?

— ...

— சொல்லுங்க. ஊத்தாமயா காலியாகும்?

— நான்தான்மா. சாயங்காலம் வந்ததும் கொட்டிக் கழுவிக் கவுத்து வச்சிடுவேன். ஒரு நாள்கூட ஒரு சொட்டு குறைஞ்சதில்லை.